ஐம்பதைத் தாண்டியபின் உடம்பு இளைப்பதும் தேறுவதும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது 56. முப்பது வயதில் இருந்ததைவிட 12 கிலோ கூடிவிட்டது. ஆறு மாதமாக இரவில் பழம் மட்டும், காலையில் முக்கால் மணி நேரம் நடை. நாலு கிலோ இறங்கியும் தொப்பை அசையவில்லை. கையும் தொடையும் மட்டும் வற்றிவிட்டன, பார்ப்பவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். வயதானால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் வேகம், படுத்துவிடும் என்கிறார்களே, இனிமேல் ஒல்லியாகவும் தெம்பாகவும் இருப்பது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். ஆனால் இப்போது போகிற வழியில் நடக்காது. இறங்கிய நாலு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவே இல்லை. வயதானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எடை மெஷின் காட்டும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் மாடி ஏற முடிகிறதா என்பதை நான் கேட்டால்தான் சொல்வார்கள். ஐம்பதுக்கு மேல் இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அதைச் சரிசெய்தால் இடுப்புச் சுற்றளவும் பின்னாலேயே இறங்கும். தலைகீழாகச் செய்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

முதலில் மெட்டபாலிசத்தின் மீதான பழியை எடுத்துவிடுவோம். 2021-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகள். பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை அதில் உண்டு. தனியாக அடையாளம் காணக்கூடிய ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடம்பிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகின்றன என்பதை வைத்து, ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். உடம்பின் அளவையும் அதிலுள்ள கொழுப்பில்லாத பகுதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தது. 60-க்கு மேல்தான் இறங்க ஆரம்பிக்கிறது. அதுவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.7 சதவீதம். ஆகவே 56 வயதில் தொப்பைக்கு மெட்டபாலிசத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியானால் 12 கிலோ எங்கிருந்து வந்தது? 26 ஆண்டுகளில் 12 கிலோ என்றால் ஆண்டுக்கு அரைக் கிலோகூட இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சேமிப்பில் போனது பத்துக் கலோரி அளவுதான், அரை பிஸ்கட்கூட இல்லை. இது மிச்சம் பிடித்த கணக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு கனக்கக் கனக்க அதை நடத்தவே கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் சாப்பாடும் உங்களுக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் வந்திருக்கும். கூடவே உடம்பின் அசைவு குறைந்திருக்கும். உட்கார்ந்த வேலை, வண்டி, லிஃப்ட், மாலையில் திரை முன்னால் மூன்று மணி நேரம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. எடை மாறாமலே உடுப்பு இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நடுவே சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகப் போகிறது. சட்டென்று இயங்கும் தசைநார்கள்தான் முதலில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தடுமாறும்போது காலை உடனே முன்னால் வைத்துச் சமாளிக்க உதவுபவை அவைதான். கரைந்த தசையின் எடையைக் கொழுப்பு ஈடுகட்டிவிடுவதால் எடை மெஷினுக்கு எதுவும் தெரியாது. 'இருபது வருஷமா அதே 62 கிலோ' என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் தொடையை அழுத்திப் பார்த்தால் விஷயம் புரியும்.

தசையைப் பற்றி ஜிம் விளம்பரங்கள் சொல்லும் ஒரு மிகையையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். 'தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்' என்பார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் இருக்கும்போது நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு நாலரைக் கலோரி. இரண்டு கிலோ தசை ஏற்றுவதற்குள் நாக்கு தள்ளிவிடும், கிடைப்பதோ ஒரு வாய் டீயின் கணக்கு. தசை வேண்டும் என்று நான் சொல்வது அதற்காக அல்ல. சாப்பிட்டபின் இன்சுலின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்வாங்கும் வேலையில் பெரும்பங்கு தசைக்குத்தான். தசை குறைந்தால் சர்க்கரை தங்க இடம் குறைகிறது. அப்புறம், நோய் வந்து படுத்தால் உடம்பு புரதத்துக்குக் கை வைப்பதும் தசையில்தான். 2007-இல் ஒரு சோதனை செய்தார்கள். நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயதுள்ளவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாமல் இவ்வளவு. நிஜமான நிமோனியாவோ அறுவை சிகிச்சையோ வரும்போது கையிருப்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்பதுதான், எழுந்து நடப்பவரையும் படுக்கையிலேயே தங்கிவிடுபவரையும் பல நேரம் பிரிக்கிறது.

இப்போது உங்கள் நாலு கிலோவுக்கு வருவோம். பட்டினியால் மட்டும் எடை குறைத்தால், குறைவதில் கால் பங்கு அளவுக்கு, தசையும் அடங்கிய கொழுப்பில்லாத பகுதியும் சேர்ந்தே போகும் என்பது பொதுவான கணக்கு. புரதமும் குறைந்து, தசைக்கு வேலையும் இல்லையென்றால் இன்னும் கூடும். நடைதான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு இதற்கு நேரான பதில். 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருமன் உள்ள 160 பேரை எடுத்துக்கொண்டு, உணவுக் கட்டுப்பாட்டோடு சிலருக்கு நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி, சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற மூன்று குழுவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறங்கியது. ஆனால் நடைக் குழு இழந்த கொழுப்பில்லாத எடை 5 சதவீதம், எடை தூக்கியவர்கள் இழந்தது 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதம். எழுவது, ஏறுவது, நடப்பது என்று அன்றாட வேலைத் திறனில் முந்தியவர்கள் இரண்டையும் செய்தவர்கள்தான். நடை நல்லது. ஆனால் தசையைக் காப்பாற்ற அது போதாது.

'இந்த வயதில் எடை தூக்குவதா?' என்கிற கேள்வி அடுத்து வரும். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சராசரி 90 வயதுள்ள பத்துப் பேர், எல்லோரும் நலிந்தவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பேருக்குச் செய்யும் பயிற்சி அல்ல, முடிந்த அதிகபட்சத்தில் பெரும்பங்கு எடை. முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியது. அதே குழுவினர் 1994-இல் நூறு பேரை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். பயிற்சி வலுவைக் கூட்டியது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. புரதப் பொடி டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு நாற்காலியிலிருந்து. கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண்களுக்கு 14-க்குக் கீழும், பெண்களுக்கு 12-க்குக் கீழும் வந்தால் அது சராசரிக்குக் குறைவு. நீங்கள் அந்த வயதையும் எட்டாதவர், அதற்கு மேல் வர வேண்டும்.

எண்ணிக்கையைவிட எப்படி எழுகிறீர்கள் என்பதை நான் அதிகம் கவனிப்பேன். முதல் மூன்று முறை எல்லோரும் ஒழுங்காக எழுவார்கள். நாலாவதில் கை தானாக அவிழ்ந்து தொடையில் ஊன்றப் பார்க்கும். ஐந்தாவதில் எழுவதற்கு முன் உடம்பை ஒரு முறை பின்னால் ஆட்டி வேகம் பிடிப்பார்கள். ஒரு முழங்கால் உள்பக்கம் மடங்கும். எல்லாவற்றையும்விட, உட்காரும்போது கடைசி நாலு விரற்கடை தூரத்தைத் தசையால் தாங்க முடியாமல் 'தொப்' என்று விழுவார்கள். பயிற்சி அந்த நாலு விரற்கடையில்தான் இருக்கிறது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக இறங்கி, இருக்கையை லேசாகத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இப்படி மூன்று சுற்று. முடியவே இல்லையென்றால் நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சுலபமாகிவிட்டால் மார்போடு ஒரு எடையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு.

இப்படி ஏற்றிக்கொண்டே போவதுதான் எடைப் பயிற்சியின் முழு ரகசியமும். ஒரே எடையை ஒரே எண்ணிக்கையில் இரண்டு வருடம் தூக்குபவருக்கு முதல் சில மாதங்களுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சுற்று முடியும்போது 'இன்னும் இரண்டு முறை முடியும், அதற்கு மேல் முடியாது' என்கிற நிலை இருக்க வேண்டும். அந்த உணர்வு வராத எடை உங்களுக்குப் போதாது. மற்ற அசைவுகளும் இதே மாதிரிதான். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பழகியபின் மேசை விளிம்பில். ரப்பர் பட்டையை எங்காவது மாட்டி நெஞ்சை நோக்கி இழுப்பது. முதுகு வளையாமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து ஒரு பையைத் தூக்குவது. இரண்டு கையிலும் கனத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பது. குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஆறு அசைவு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தூக்கும்போது வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். தசை வலிப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அசைவை மாற்றுங்கள், எடையைக் குறையுங்கள்.

வயிற்றுக் கொழுப்புக்காகப் படுத்து எழும் பயிற்சியைத் தினமும் நூறு முறை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது உண்மையில்லை. அந்த நேரத்தை நாற்காலிக்குக் கொடுங்கள்.

நடையை விடச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65-க்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து வாரத்துக்கு மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரட்டை அடித்தபடி முக்கால் மணி நேரம் உலாவுவது பலருக்கு அந்த அளவை எட்டுவதில்லை. நடுநடுவே ஒரு நிமிடம் வேகம் கூட்டுங்கள், மேடு இருந்தால் ஏறுங்கள். பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பரவிய எண் அது. 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆயுள் சார்ந்த பலன் 60-க்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் ஏறக்குறைய நிலைகொண்டுவிட்டது. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். ஒரே வேளையாக நடக்க முடியாதவர்கள் இப்படி மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள், பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். பத்து விநாடி நிற்க முடியவில்லை என்றால் சமநிலையையும் பயிற்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இனி தட்டுக்கு வருகிறேன். உங்கள் உணவில் குறைந்தது கலோரி மட்டும் அல்ல, புரதமும்தான். வயதானவர்களின் தசை, சாப்பிட்ட புரதத்துக்கு இளைஞர்களின் தசை போல வேகமாக எதிர்வினை காட்டாது. ஒரு வேளையில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதனால்தான் பொதுவாகச் சொல்லும் கிலோவுக்கு 0.8 கிராம் என்பதைத் தாண்டி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று 2013-இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. எடை குறைக்கும் ஐம்பதுக்காரருக்கும் இதையே நான் சொல்வேன். 65 கிலோ எடையுள்ளவருக்கு 65 முதல் 78 கிராம், அதாவது வேளைக்குச் சுமார் 25.

உங்கள் நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும்: 6 அல்லது 7 கிராம். மதியம் தட்டு நிறைய சோறோ ரொட்டியோ, மேலே இரண்டு கரண்டி பருப்பு, கொஞ்சம் காய்: 14, 15. மாலையில் டீ, பிஸ்கட்: 3. இரவில் பழம்: 1. மொத்தம் 25 கிராம் தேறும். மூன்று வேளைக்கும் தனித்தனியாக வேண்டியது ஒரு நாள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. தசை வற்றாமல் என்ன செய்யும்?

ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6, 7. ஒரு நல்ல கிண்ணம் கெட்டியாக வெந்த பருப்பில் 15-க்கு மேல். சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் 20 முதல் 30. தயிர், சோயா, கொட்டைகள் எல்லாம் துணைக்கு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் வேலைதான். பருப்பைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக வைத்திருப்பதை விட்டு, தட்டில் முக்கியமான பொருளாக மாற்ற வேண்டும். அரைத் தட்டு காய்கறி, கால் தட்டு புரதம், மிச்சக் கால் தட்டில் தானியம். அடங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கலோரியைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், அதில் சமரசம் இல்லை. உடற்பயிற்சியால் மட்டும் எடை குறையும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அரை மணி நேர வேக நடையில் செலவாவது 100, 150 கலோரி; இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் அதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் குறைப்பது நாளுக்கு 300 முதல் 500 கலோரிக்குள் இருக்கட்டும். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ இறங்கினால் போதும். எதிலிருந்து குறைப்பது? இனிப்பு பானம், மது, பொரித்தது, பாக்கெட்டில் வருவது, இந்த வரிசையில். 2019-இல் ஒரு சோதனை நடந்தது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து இரண்டு வாரம் தொழிற்சாலையில் பக்குவம் செய்த உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மனவுறுதி என்று நாம் சொல்வதில் பாதி, வீட்டில் என்ன வாங்கி வைத்திருக்கிறோம் என்பதுதான்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதைப் பற்றி என் கருத்து: நிறுத்தியதால் தனி மாயம் எதுவும் இல்லை. 2022-இல் வந்த ஓராண்டு ஆய்வு ஒன்றில், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்தவர்களும், அதே கலோரியை நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டவர்களும் இறக்கிய எடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. உங்களுக்கு வசதியாக இருந்தால் நேரக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழத்தோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ சேரட்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் வேளையைத் தவிர்ப்பதை மருத்துவரோடு பேசாமல் செய்ய வேண்டாம். இப்போது பரவியிருக்கும் எடை குறைப்பு ஊசிகளுக்கும் இந்தப் பதில் முழுதும் பொருந்தும். பசி அடங்கி வேகமாக எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்குகிறது, ஆகவே அவற்றைப் போட்டுக்கொள்பவர்களுக்குத்தான் புரதமும் எடைப் பயிற்சியும் அதிகம் தேவை.

எதை வைத்து அளப்பது? எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இடுப்பை நாடாவால் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல். அது உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழ் இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குக் கீழே. அதோடு நாற்காலிக் கணக்கை மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். முப்பது வயதின் எடைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. இடுப்பு இறங்கி, எழும் எண்ணிக்கை ஏறினால், எடை அன்றைக்கைவிட ஐந்து கிலோ கூடுதலாக நின்றாலும் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். லேசான பூசினாற்போன்ற உடம்பு அந்த வயதில் குறை அல்ல, வெறும் அழகுக்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. முயற்சி இல்லாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் இறங்கினால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சு அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்கள் எடையைத் தொடும் முன்பே போக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் உடம்பு அசையவில்லை என்றால் தைராய்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில நீரிழிவு மருந்துகள் எடை ஏற்றும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்கம் ஐந்து மணி நேரமாக இருந்தால் பசியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு, அதையும் கவனியுங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் மூன்று மாதம் கலோரியை மேலும் குறைக்கவே வேண்டாம். புரதத்தை ஏற்றி, நாற்காலியைத் தொடங்குங்கள். எடை அதே இடத்தில் நிற்கலாம், ஒரு கிலோ கூடவும் செய்யலாம், பயப்படாதீர்கள். முதல் சில வாரங்களில் வலு கூடுவது நரம்புகள் தசையை நன்றாக ஏவப் பழகுவதால்தான். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு தானியத்திலும் எண்ணெயிலும் கை வைத்து, மிச்சக் கொழுப்பை மெதுவாக இறக்குங்கள். நடுவில் காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட எடையில் தொடங்காமல் அதில் பாதியில் தொடங்குங்கள். முதல் முறை ஏறியதைவிட இரண்டாம் முறை சீக்கிரமாகவே ஏறும்.